கடலோர ஊரில் கேமராவைக் காப்பாற்றுவது

கேமரா வாங்கியதும் நல்ல பையாகப் பார்த்து ஒன்று வாங்குகிறோம். கீறல் விழாமலிருக்க ஃபில்டர் போடுகிறோம். வெளியே போனால் பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கவனமாக நடக்கிறோம். வீடு திரும்பியதும் அதே பையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கேமராவுக்கு ஆபத்து தொடங்குவது அந்தப் பீரோவில்தான். ஐப்பசியில் உள்ளே போன லென்ஸைப் பொங்கலுக்கு வெளியே எடுத்தால், கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல மெல்லிய வெண்கோடுகள் கிளை விட்டிருக்கும். அதுதான் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கேமரா பராமரிப்பு என்றாலே எதைக் கொண்டு துடைப்பது என்றுதான் பேச்சு போகிறது. நம் கடற்கரையில் முதலில் பேச வேண்டியது ஈரத்தைப் பற்றி.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். அவை உள்ளே வருவதைத் தடுக்க முடியாது, முளைப்பதைத்தான் தடுக்கலாம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்க வேண்டும், இருட்டாக இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, தின்னக் கொஞ்சம் தூசியோ கைரேகை எண்ணெயோ வேண்டும். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் கேமராப் பையில் இவ்வளவும் கிடைத்துவிடுகிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போனால் வளர்ச்சி வேகம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் பெரும்பாலான நாள்கள் அதற்கும் மேலேதான்.

வளரும் பூஞ்சை அமிலத்தை வெளிவிடுகிறது. லென்ஸின் கண்ணாடிப் பரப்பில் ஒளி பட்டுத் திரும்பாமலிருக்கப் பூசியிருக்கும் பூச்சு மிக மெல்லியது. மக்னீசியம் ஃபுளூரைடு பூச்சு ஓர் அடுக்கு என்றால் சுமார் 0.1 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று அதைப்போலப் பல நூறு மடங்கு தடிமன். அமிலம் முதலில் இந்தப் பூச்சை அரிக்கும், விட்டுவைத்தால் கண்ணாடியையும் தொடும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் மெக்கானிக் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்துவிடுவார். முற்றிய பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் அது அரித்த தடம் போகாது. சூரியனையோ விளக்கையோ எதிர்த்து எடுக்கும் படங்களில் அது வெண்மூட்டமாகத் தெரியும்.

ஆகவே மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடிகளையும் எடுத்து, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைத் திறக்க வழியிருந்தால் முழுதாகத் திறந்துகொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே அடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். டார்ச்சுக்கு நேராகப் பார்த்தால் கண் கூசும், ஒன்றும் புலப்படாது. தனித்தனிப் புள்ளிகள் தூசி. கிளை விட்ட கோடுகள் பூஞ்சை. ஒரு கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்தால் அது கிரீஸின் ஆவி படிந்த மங்கல். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. அதற்காக லென்ஸைத் திறக்கவே வேண்டாம். பழைய லென்ஸ் வாங்கப் போகும்போதும் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விற்பவர் சங்கடப்பட்டால் அந்த லென்ஸை விட்டுவிடலாம்.

எங்கே வைப்பது

கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். 30க்குக் கீழே நிரந்தரமாகப் போக விடாதீர்கள், ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் அவ்வளவு வறட்சி தேவையில்லை. 

செலவு குறைந்த ஏற்பாடு: சமையலறைப் பொருள் வைக்க விற்கும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் டப்பா. 10 லிட்டர் அளவில் ஒரு பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) இரண்டு மூன்று லென்ஸும் அடங்கும். அதோடு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று.

எவ்வளவு ஜெல் போடுவது என்பதில்தான் குழப்பம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 கிராம். 10 லிட்டர் டப்பாவுக்குள் இருக்கும் காற்றில் கால் கிராம் தண்ணீர்கூட இல்லை! 50 கிராம் ஜெல்லே பத்து கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் ஏன் சில வாரங்களில் ஜெல் நிறம் மாறிவிடுகிறது? பஞ்சு வைத்த கேமராப் பையையும், வியர்வை ஊறிய பெல்ட்டையும், துடைக்கும் துணியையும், வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியையும் சேர்த்து உள்ளே வைப்பதால்தான். துணியும் அட்டையும் தோலும் காற்றைவிட எத்தனையோ மடங்கு ஈரத்தைத் தமக்குள் வைத்திருக்கின்றன. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் புதுக் காற்று வேறு. எனவே டப்பாவுக்குள் பாடியும் லென்ஸும் மட்டும் போகட்டும். பையும் பெல்ட்டும் வெளியே, காற்றாடக் கிடக்கட்டும். 50 கிராமில் தொடங்கி மறுநாள் மானியைப் பாருங்கள். 50 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் கொஞ்சம் போடுங்கள், 30க்குக் கீழே போனால் பாதியை எடுத்துவிடுங்கள்.

விலை மலிவான ஈரப்பதமானிகள் பத்துப் புள்ளிவரை பிழை காட்டக்கூடியவை. அவற்றை வீட்டு உப்பை வைத்தே சரிபார்த்துவிடலாம். சோடா பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில துளித் தண்ணீர் விட்டுச் சேறாகக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். உப்பின் நிறைகரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் நம் வீட்டு வெப்பநிலையில் 75 சதவீதம். மானி 69 என்று காட்டினால் அது எப்போதும் 6 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஜெல்லில் நீலம், ஆரஞ்சு என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். நீலத்தில் நிறத்துக்காகச் சேர்ப்பது கோபால்ட் குளோரைடு. அது நச்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். ஆரஞ்சு ஜெல் ஈரம் ஏறியதும் பச்சையாக மாறும். அதை உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்: ஓவனில் 110 முதல் 120 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரம். அந்தத் தட்டைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். பொட்டலமாக வரும் ஜெல்லை உறையோடு சூடேற்றினால் உறை உருகிவிடும். சூடான ஜெல்லை அப்படியே கேமராவோடு வைக்கவும் கூடாது. மூடிய பாத்திரத்தில் ஆறவைத்துவிட்டு வையுங்கள். திறந்து ஆறவைத்தால் ஆறுவதற்குள்ளேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

லென்ஸ்கள் நாலைந்தைத் தாண்டிவிட்டால் ட்ரை கேபினட் வாங்குவது நல்ல செலவு. மின்சாரத்தில் ஈரத்தை வெளியேற்றும் பெட்டி அது. வேண்டிய அளவை, 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், குறித்துவிட்டால் தானாகப் பிடித்து வைக்கும். மின்செலவு மிகக் குறைவு. சில மணி நேரம் மின்சாரம் போனாலும் கதவைத் திறக்காமலிருந்தால் உள்ளே பெரிதாக மாறாது. வாங்கும்போது இன்றைய தேவையைப்போல இருமடங்கு கொள்ளளவு பாருங்கள். பெட்டியிலேயே வரும் மானியை மட்டும் நம்பாமல், உப்பில் சரிபார்த்த மானி ஒன்றை உள்ளே வையுங்கள்.

பூச்சி வராமலிருக்கப் பீரோவில் அந்துருண்டையோ கற்பூரமோ போடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பீரோவில் கேமராவை வைக்கவே வைக்காதீர்கள். நாப்தலீன், கற்பூரம் இரண்டும் ஆவியாகி வேறு பரப்புகளில் மறுபடி படிபவை. லென்ஸில் படலம் விழும், பிளாஸ்டிக் பாகங்களும் ரப்பரும் கெடும். இவற்றோடு வைக்க வேண்டாம் என்று கேமரா கையேடுகளே எச்சரிக்கின்றன. வெளியூர் போகும்போது உறவினர் வீட்டுத் துணி அலமாரியில் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பெட்டி இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடாமலும் இருக்காதீர்கள். வாரம் ஒருமுறை எடுத்து நாலு படம் எடுத்து, ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் முழுதாக ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு வைப்பது கேமராவுக்கு நல்லது.

ஏசி அறையும் வெளிக்காற்றும்

வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று மேல். அதாவது அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தக் காற்றிலுள்ள நீராவி நீராகப் படியும். ஏசியை 22இல் வைத்த காரிலிருந்தோ கல்யாண மண்டபத்திலிருந்தோ கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வெளுத்துவிடுவது இதனால்தான். முன்கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிடுகிறோம். ஜூம் செய்யும்போது உள்ளே இழுக்கப்பட்ட காற்று உள்கண்ணாடிகளில் படிவது தெரிவதில்லை. அந்த நிலையில் லென்ஸைக் கழற்றினால், பாடிக்குள் படத்தைப் பதியும் சென்சார் மேலேயே பனி விழும்.

இதற்கு வழி எளிது. குளிர்ந்த அறையைவிட்டுக் கிளம்பும் முன், அறைக்குள்ளேயே கேமராவைப் பெரிய ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். வெளியே வந்ததும் நீர் கவரின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்து, கவரைத் தொட்டால் சில்லென்று இல்லாதபோது வெளியே எடுங்கள். தொலைவில் உள்ளதை எடுக்கும் கனமான டெலி லென்ஸுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் மணமக்கள் ஊர்வலம் என்றால் அவ்வளவு நேரம் கிடைக்காது. அப்படிப்பட்ட வேலைகளில் வெளியே பயன்படுத்தப் போகும் பாடியையும் லென்ஸையும் ஏசி இல்லாத அறையில் முன்கூட்டியே வைத்துவிடுவதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது. குளிர்காலத்தில் ஊட்டியில் பனியில் நின்று எடுத்துவிட்டுச் சூடான அறைக்குள் நுழையும்போதும் இதே கவர் உதவும்.

துடைப்பதில் வரிசை

கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடி 6க்குள்தான் வரும். மணல் துகள் ஒட்டிய லென்ஸில் துணியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த வேலையாகிவிடும். அதனால் தொடாமல் செய்யும் வேலை முதலில், தொட்டுச் செய்யும் வேலை கடைசியில்.

லென்ஸின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, காற்றை ஊதும் ரப்பர் குமிழான ப்ளோயரால் எட்டுப் பத்து முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். கணினிக்கு விற்கும் அழுத்தக் காற்று டப்பாவைச் சாய்த்தால் திரவமே பீய்ச்சி அடிக்கும், அதுவும் வேண்டாம். ஊதியும் ஒட்டியிருப்பதை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அந்தத் தூரிகையின் மயிரை விரலால் தடவாதீர்கள், விரல் எண்ணெய் அதில் ஏறி லென்ஸுக்குப் போகும். இதற்குப் பிறகும் கைரேகையோ தண்ணீர்த் தடமோ இருந்தால் மட்டும் திரவம். லென்ஸுக்கென விற்கும் திரவத்தில் ஒன்றிரண்டு துளியை மைக்ரோஃபைபர் துணியில் விடுங்கள். நேராகக் கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கிச் சுழன்று வாருங்கள், அழுத்தம் வேண்டாம். துணியின் உலர்ந்த பகுதியால் அதேபோல இன்னொரு சுற்று.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் எதுவும் கேமரா பக்கமே வரக் கூடாது. அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். சட்டை நுனி, வேட்டி நுனி, டிஷ்யூ பேப்பர் மூன்றும் அப்படியே. மைக்ரோஃபைபர் துணியை மாதம் ஒருமுறை மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப் போடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தில் மட்டும் முக்காதீர்கள், அது துணியில் படிந்து லென்ஸில் தடம் விடும். இப்படி ஒழுங்காகத் துடைப்பதும்கூட எத்தனை குறைவோ அவ்வளவு நல்லது. முன்கண்ணாடியில் இரண்டு தூசி இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. பின்கண்ணாடி அப்படியல்ல, அதில் விழுந்த கைரேகை படத்தைக் கெடுக்கும், அதைக் கவனித்துத் துடைக்க வேண்டும்.

பாடிக்கு, நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி போதும். டயல் இடுக்குகளில் தூரிகை. வியர்வையிலும் உப்பு உண்டு. நாள் முழுக்கக் கையில் பிடித்த கேமராவை அன்று இரவே ஒருமுறை துடைத்துவிடுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டியைக் கையில் பூசிக்கொண்டு கேமராவைப் பிடிக்காதீர்கள், அது பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் இளக்கிவிடும். லென்ஸுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை உலர்ந்த, நூல் உதிராத துணியால் துடைத்தால் போதும். அழிரப்பர் போட்டுத் தேய்த்தால் முலாம் தேயும், துகளும் உள்ளே விழும்.

தேர்த் திருவிழா, காவடி, ஹோலி என்று விபூதியும் வண்ணப்பொடியும் பறக்கும் இடத்துக்குப் போகும்போது நீள்கிற ஜூம் லென்ஸைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அது நீளும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றைப் பொடியோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. யூவி ஃபில்டர் வீண் என்று சொல்பவர்களும் இப்படிப்பட்ட இடத்தில் அதைப் போட்டுக்கொள்வார்கள். பொடி படிந்த கேமராவை ஈரத்துணியால் தொட்டால் சாயம் இடுக்குகளில் ஏறி நிரந்தரமாகத் தங்கிவிடும். ஊதி, தட்டி, எல்லாப் பொடியும் போன பிறகே ஈரம்.

சென்சார்

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். மாட்டப் போகும் லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டால் பாடி திறந்திருக்கும் நேரம் சில நொடிதான். பையின் அடியில் கிடக்கும் பின்மூடியின் உட்புறத் தூசியை யாரும் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்புறம் வழியாக அதுதான் சென்சாருக்குப் போகிறது. மூடிகளை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். 

தூசி இருக்கிறதா என்று பார்க்க: ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (சுருங்கிய அப்பர்ச்சர்), மேனுவல் ஃபோகஸை முடிவிலியில் வைத்து, அருகிலுள்ள வெள்ளைத் தாளையோ, தெளிந்த வானத்தையோ படம் எடுங்கள். கணினியில் முழு அளவில் பாருங்கள். எஃப் 2, எஃப் 2.8 எனத் திறந்த அப்பர்ச்சரில் இந்தப் புள்ளிகள் தெரியாது. தூசி உட்கார்ந்திருப்பது பிக்சல்களின் மேலல்ல, அவற்றுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில். அகலத் திறந்த லென்ஸிலிருந்து ஒளி பல கோணங்களில் வந்து அதன் நிழலைக் கரைத்துவிடும். அப்பர்ச்சர் சுருங்கச் சுருங்க நிழல் கூர்மையாகும். லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழச்செய்வதால், படத்தில் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை நிமிர்த்தி வைத்து முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும்.

முதல் படி கேமராவிலேயே இருக்கும் தூசி உதறும் வசதி. 2003இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்த இந்த ஏற்பாடு இப்போது பெரும்பாலான கேமராக்களில் உண்டு. சென்சார் முன்னிருக்கும் தகட்டை நுண்ணதிர்வால் உதறுகிறது. அதை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். இரண்டாவது ப்ளோயர். பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் நிலைக்குப் போய், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். ப்ளோயரின் மூக்கு, லென்ஸ் மாட்டும் மவுன்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. டிஎஸ்எல்ஆர், அதாவது சென்சாருக்கு முன்னால் மிரர் உள்ள கேமரா என்றால், பேட்டரி நடுவில் தீர்ந்தால் மிரர் கீழே விழுந்து, உள்ளே இருக்கும் பொருளில் மோதும். முழு சார்ஜ் அதற்குத்தான். மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சில, அணைத்ததும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் திரையை மூடிக்கொள்ளும். அந்தத் திரையின் இதழ்கள் மிக மெல்லியவை, அவற்றின் மேல் ஊதவோ தொடவோ கூடாது.

பெரும்பாலான தூசி இத்தோடு போய்விடும். போகாதது பிசுபிசுப்பான துகள் அல்லது ஷட்டர் பகுதியிலிருந்து தெறித்த எண்ணெய். 2012இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர்பெற்றது. நிறுவனமே அறிவிப்பு வெளியிட்டுப் பழுது பார்த்துக் கொடுத்தது. இதற்கு ஈரத் துடைப்பான் வேண்டும். சென்சாரின் அளவுக்கேற்ப வாங்க வேண்டும்: பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. துடைப்பானின் நுனியில் சென்சாருக்கென விற்கும் திரவத்தை இரண்டு துளி விட்டு, ஐந்தாறு நொடி ஊறவிடுங்கள். ஒரு பக்க விளிம்பில் வைத்து, சற்றுச் சாய்த்து, ஒரே சீராக மறுபக்கம்வரை இழுங்கள். நடுவில் நிறுத்தவோ திரும்பி வரவோ வேண்டாம். துடைப்பானைப் புரட்டி, மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஒருமுறை. அவ்வளவுதான், அந்தத் துடைப்பானைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். திரவம் அதிகமானால் விளிம்பில் காய்ந்த கறை நிற்கும், குறைவானால் துகள் இழுபட்டுக் கீறும். ஊதாமல் நேரடியாக இந்தப் படிக்கு வருவதுதான் கீறல் விழ முதல் காரணம்.

பாடிக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராக்களில் சென்சார் மிதந்தபடி இருக்கும். தொட்டால் லேசாக நகரும். அழுத்தவே கூடாது. டிஎஸ்எல்ஆரின் மிரரையும் அதற்கு மேலிருக்கும் ஃபோகஸ் திரையையும் துடைக்க நினைக்காதீர்கள். மிரரின் பிரதிபலிக்கும் பூச்சு கண்ணாடியின் முன்பரப்பில் இருக்கிறது, திரையோ மென்மையான பிளாஸ்டிக். அவற்றின் தூசி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் தெரியுமே தவிர படத்தில் வராது.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. மேடைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு எங்கும் இப்போது லேசர் விளக்குகள். அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் புகுந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடு விழும், அதை எந்தத் துடைப்பானும் எடுக்காது. கதிர் உங்கள் பக்கம் திரும்பும்போது லென்ஸைத் தாழ்த்துங்கள். வெயிலில் மூடியில்லாமல், லென்ஸோ வ்யூஃபைண்டரோ சூரியனைப் பார்க்கும்படி வைக்கவும் கூடாது. இரண்டும் பூதக்கண்ணாடி வேலை செய்து உள்ளே சுட்டுவிடும்.

பேட்டரி, கார்டு

ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, 40 முதல் 60 சதவீத சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழு சார்ஜில் வெப்பத்தில் கிடந்தால் லித்தியம்-அயான் பேட்டரியின் கொள்ளளவு வேகமாகக் குறையும். முழுதும் காலியாக மாதக்கணக்கில் விட்டால் மின்னழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கி, பாதுகாப்புச் சுற்று அதை மறுபடி ஏற்ற விடாது. பேட்டரி சற்றே வீங்கியிருந்தாலும் கேமராவில் நுழைக்காதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காரில் பேட்டரியையும் கேமராவையும் விட வேண்டாம். விமானத்தில் உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், தொடுமுனைகளை மூடியபடி. 100 வாட்-அவருக்குள் அனுமதி உண்டு. சாதாரணக் கேமரா பேட்டரி 16 வாட்-அவர் அளவுதான்.

கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அடுத்து ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைத்துவிட்டால் மீட்டெடுக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மழையும் கடலும்

நீர்த் தடுப்பு உள்ள கேமரா என்று எழுதியிருந்தாலும், மாட்டிய லென்ஸிலும் அந்தத் தடுப்பு இருந்தால்தான் பயன். மவுன்ட் ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். தூறலுக்கு அது தாங்கும், நீரில் விழுவதற்கு அல்ல. நனைந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நீர் இடுக்குக்குள் போகும். உலரும்வரை ஜூம் செய்யவோ, கதவுகளைத் திறக்கவோ, லென்ஸைக் கழற்றவோ வேண்டாம்.

தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் அலை மேலே தெறிக்காவிட்டாலும் காற்றிலேயே உப்புத் துளிகள் வருகின்றன. நீர் காய்ந்ததும் உப்பு நிற்கும், அது மறுபடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திருகாணியையும் தொடுமுனையையும் அரிக்கும். அன்று மாலை அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்த்திவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசிவிடலாம்.

கேமரா கடல்நீரில் விழுந்துவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்க ஸ்விட்சைத் தொடாதீர்கள். மின்னோட்டம் இருக்கும்போது உப்புநீர் மின்சுற்றை நிமிடங்களில் தின்னும். உடனே பேட்டரியை எடுங்கள், கார்டை எடுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள், நீரை வடியவிட்டு ஒற்றுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசிக்கு ஈரத்தை இழுக்கும் சக்தி மிகக் குறைவு, அதன் மாவுத்தூள்தான் உள்ளே போகும். உப்பையோ அது தொடவே தொடாது. ஹேர் ட்ரையர் நீரை இன்னும் உள்ளே தள்ளும். சிலிக்கா ஜெல்லோடு ஒரு கவரில் போட்டு, முடிந்தால் அன்றைக்கே சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது விழுந்தது கடல்நீர், எத்தனை மணிக்கு விழுந்தது, பிறகு ஸ்விட்ச் போட்டீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்றால் மெக்கானிக் உலர்த்திப் பார்ப்பார். உப்புநீர் என்று தெரிந்தால்தான் மின்சுற்றுப் பலகைகளைப் பிரித்துக் கழுவுவார்.